மண்டி போடாத ஆள்

இடது கையின் இரண்டு விரல்கள் இறகின் காம்பைப் பிடித்துக்கொள்கின்றன. வலது கை ஊசியைக் கித்தானுக்குள் விட்டு, காம்பை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபக்கம் இழுக்கிறது. ஒரு இறகுக்கு இரண்டு தையல். ஒரே தையல் போட்டால் காற்றில் திரும்பிக்கொள்ளும். கீழ் ஓரத்தில் ஆரம்பித்து, ஓடு வேய்வதைப்போல ஒரு வரிசையின் மேல் அடுத்த வரிசையை ஏற்றிக்கொண்டு போகவேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் காம்புகள் எல்லாம் வெளியே தெரியும். பார்க்கிறவர்களுக்கு வானதூதரான சம்மனசின் ஞாபகம் வராது, உரித்த வாத்தின் ஞாபகம்தான் வரும்.

வாத்து இறகில் எண்ணெய் இருக்கும். சோப்புத் தண்ணீரில் நன்றாக அலசி, வெயிலில் காயவைத்து, மறுபடி அலசவேண்டும். மணிலாவிலிருந்து தள்ளியிருக்கிற இந்த ஏரிக்கரை ஊரில் மனிதர்களைவிட வாத்துகள் அதிகம், ஆனால் எல்லாம் பழுப்பு. வெள்ளை வாத்து அத்திபூத்தாற்போல ஒன்றுதான் பிறக்கும். அது எந்தக் கொட்டிலில் இருக்கிறது, எந்த மாதம் இறகு உதிர்க்கும் என்று தெரிந்துவைத்திருந்து, போய்ப் பொறுக்கிவரவேண்டும். ஒரு ஜோடி சிறகுக்கு ஒரு வருஷம் ஆகிறது.

அந்தக் கைகள் பெர்பெத்துவாவுடையவை. ஊரில் எல்லாருக்கும் பெத்தாங். அவள் இல்லாத இடத்தில் 'முதுகுச் சம்மனசு' என்பார்கள். அது அவளுக்கும் தெரியும்.

சிறகு வேலையில் பெரிய கஷ்டம் இல்லை. கஷ்டம் எல்லாம் சிறகுக்கு அடியில் இருக்கிற கச்சையில். தோளுக்கும் இடுப்புக்கும் தொடைக்கும் வார் வைத்துத் தைத்த கச்சை அது. முதுகில் ஒரு இரும்பு வளையம். வளையத்தில் கயிறு. கயிற்றின் இந்த முனையில் ஒரு குழந்தை.

உயிர்ப்பு ஞாயிறு விடியலில் ஊர் இரண்டாகப் பிரியும். ஆண்கள் உயிர்த்த ஆண்டவரின் சுரூபத்தைச் சப்பரத்தில் வைத்து ஒரு தெருவில் வருவார்கள். பெண்கள் கறுப்பு முக்காடு போட்ட மாதாவோடு அடுத்த தெருவில் வருவார்கள். இரண்டு சப்பரமும் சந்தைத் திடலில், உயரமான மூங்கில் வளைவுக்குக் கீழே சந்திக்கும். வளைவின் உச்சியிலிருந்து ஒரு சின்னப் பெண் சம்மனசாகப் பாடிக்கொண்டே இறங்கி, மாதாவின் முக்காட்டை எடுக்கவேண்டும். எடுத்துவிட்டால் மாதா மகனைப் பார்த்தாயிற்று, துக்கம் முடிந்தது, எல்லாரும் வீட்டுக்குப் போய் இலையில் சுற்றிய ஒட்டரிசிப் பலகாரம் சாப்பிடலாம். வாத்துகளும் அந்த வருஷம் ஒழுங்காக முட்டையிடும்.

போன வருஷம் முக்காடு எடுபடவில்லை.

எர்லிந்தாவின் மகள் ரொவேனாதான் இறங்கினாள். எர்லிந்தா பஸ் நிறுத்தத்தில் அவித்த வாத்துமுட்டை விற்பவள். பெத்தாங்குக்குப் பக்கத்து வீடு. ரொவேனாவுக்கு ஞானஸ்நானத்தில் பெத்தாங்தான் ஞானத்தாய், அதனால் பெண் அவளை 'நினாங்' என்று கூப்பிடுவாள். அன்றைக்கு அவள் குரல் கணீரென்று இருந்தது. மாதாவின் தலைக்கு நேரே வந்தாள். கையை நீட்டினாள். விரல் முக்காட்டைத் தொடப்போகிற நேரத்தில், யாரோ கூப்பிட்டதுபோல ஒரு முழம் மேலே போனாள். அங்கேயே நின்றாள்.

பாட்டு முடிந்தது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து பாடினாள். அதற்கு அடுத்த தடவை அழுதுகொண்டே பாடினாள். கடைசியில் அப்போதிருந்த வயதான பங்குச் சாமியார் பவனிச் சிலுவையின் நுனியால் முக்காட்டைத் தள்ளிவிட்டார். மாதா மகனைப் பார்த்தாள். ஆனால் அதை ஒழுங்காகப் பார்த்ததாக ஊர் ஒத்துக்கொள்ளவில்லை.

ஜூன் மாதம் கொட்டில்களில் வாத்துக்கு நோய் வந்தது.

அதன்பிறகு ரொவேனாவுக்குத் 'திரும்பிப்போன சம்மனசு' என்று பெயர். பள்ளிக்கூடத்தில் அவள் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. ஊருக்குள் ஓடுகிற ஜீப்னி வண்டியில் ஏறினால் டிரைவர் திரும்பிப் பார்த்து, "இது மேல போற வண்டி இல்லம்மா" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நல்ல மனுஷன்தான், தினமும் அதையே சொல்லுவான்.

இந்த வருஷம் தவக்காலம் தொடங்கியதும் ரொவேனா வந்து, பெத்தாங் இறகு அலசுகிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நினாங், இந்த வருஷமும் நானே இறங்கட்டுமா?"

"ஒருத்திக்கு ஒரு தடவைதான்டி. அதான் வழக்கம்."

"நான் இன்னும் எறங்கவே இல்லையே."

பெத்தாங் யோசித்துப் பார்த்தாள். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. பெண்ணை நிறுத்தி, தோள் அளவும் இடுப்பு அளவும் எடுத்தாள். இன்னொரு வருஷம் போனால் கச்சைக்குள் அடங்கமாட்டாள். இப்போது இல்லையென்றால், பெண் கல்யாணமாகிப் போகிறவரைக்கும் அந்தப் பெயர் போகாது. சில பெயர்கள் கல்யாணத்துக்குப் பிறகும் போவதில்லை.

புதுப் பங்குச் சாமியார் ஃபாதர் ஹிலாரியோ, ஏரிக்கு அக்கரை ஊர்க்காரர். இளவயது. அவரிடம் போய்ச் சொன்னாள்.

"ஏணி வச்சுக்கலாம்," என்றார். "நாலு படி. மேல வெள்ளைத்துணி சுத்திடலாம். பிள்ளை ஏறி, எடுத்துட்டு, எறங்கிடட்டும்."

"சம்மனசு ஏணியில வருமா, சாமி?"

"வேதத்துல வந்திருக்கே. யாக்கோபு கனவுல பாத்தாரு."

"அவங்க மேலேர்ந்துதானே எறங்குனாங்க."

"ஏறவும் செஞ்சாங்க. ரெண்டும் எழுதியிருக்கு."

வேதத்தில் அவரை மடக்க முடியாதென்று பெத்தாங்குக்குப் புரிந்தது.

"என் கச்சையில தப்பு இல்ல, சாமி."

"அப்ப எதுல தப்பு?"

"தெரியல. பாத்துட்டுச் சொல்றேன்."

"குருத்து ஞாயித்துக்கு முன்னாடி சொல்லுங்க. இல்லேன்னா ஏணிதான்."

உயிர்ப்புக்கு ஒரு வாரம் முன்னால், குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, பெத்தாங் வளைவில் கயிற்றைப் போட்டு, ரொவேனாவின் எடைக்கு ஒரு மூட்டை வாத்துத் தீவனத்தைக் கச்சைக்குள் வைத்துக் கட்டித் தொங்கவிட்டாள். போன வருஷம் கயிறு பிடித்த நாலு பேரையும் வரச்சொன்னாள். எடைக்கு ஒரு ஆளே போதும். நாலு பேர் என்பது, ஊரில் நாலு தெரு இருக்கிறது, எந்தத் தெருவுக்கும் குறை வரக்கூடாது என்பதற்காக. நாலு பேரில் மூத்தவர் தச்சர் ஹெரோனிமோ. சாமியாரும் வந்து ஒரு காய்கறிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்.

"போன வருஷம் என்ன செஞ்சீங்களோ அதையே செய்யுங்க," என்றாள் பெத்தாங்.

"பாட்டும் வேணுமா, அக்கா?"

"பாட்டும் வேணும்."

பாட ஆள் இல்லாததால் அவளே பாடினாள். அவளுக்குப் பாட வராது. மூட்டை மெதுவாக இறங்கியது. மாதா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தண்ணீர்ப் பீப்பாயை வைத்திருந்தாள். மூட்டை பீப்பாய்க்கு ஒரு சாண் மேலே வந்தது. பாட்டில் அல்லேலூயா வந்தது. மூட்டை சட்டென்று மேலே போனது.

"ஏன் மண்டி போட்டீங்க?" என்றார் சாமியார்.

"யாரு, நாங்களா?" என்றார் ஹெரோனிமோ, மண்டியில் இருந்தபடியே. பிறகு குனிந்து தன் முட்டியைப் பார்த்தார். மற்ற மூன்று பேரும் தங்கள் முட்டிகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

கயிறு உச்சியில் உருளைமேல் போய்த் திரும்பி இவர்கள் கைக்கு வருகிறது. இவர்கள் தாழ்ந்தால் அந்தப்பக்கம் உயரும். கிணற்று வாளிக்குத் தெரிந்த விஷயம். அதற்கு முந்தைய வருஷம்வரை கயிறு பிடித்தவர் முட்டி மடங்காத ஒரு கிழவர்; அவர் செத்தபிறகு போன வருஷம்தான் இந்த நாலு பேரும் வந்தார்கள். ஒரு வருஷமாக ஊர், மாதாவின் கோபம் என்றது. பிள்ளை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் ஒழுங்காகச் செய்யவில்லை என்றது. பெத்தாங்குக்கு வயதாகிவிட்டது என்றது. முட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை.

"சரி, அப்ப மண்டி போடாதீங்க," என்றார் சாமியார்.

மறுபடி செய்தார்கள். அல்லேலூயாவுக்கு மூன்று பேர் நின்றார்கள், ஒருவர் மண்டி போட்டுவிட்டார். இன்னொரு தடவைக்கு இரண்டு பேர் போட்டார்கள். ஹெரோனிமோ நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சாமி, இது தீவன மூட்டை. இதுக்கே இப்படி. அன்னிக்கு மாதாவே நிப்பாங்க. சின்ன வயசுல அந்த நேரத்துக்கு நாங்க நின்னுக்கிட்டிருந்தா எங்கப்பா பின்னங்கால்ல ஒண்ணு வைப்பாரு. முட்டி இப்ப எங்க பேச்சைக் கேக்காது."

"பொம்பளைங்க பிடிச்சா?"

"அவங்க எங்களுக்கு முன்னாடியே போட்டுடுவாங்க."

"இந்தப் பங்குல மண்டி போடாத ஆள் ஒருத்தர்கூடவா இல்ல?" சாமியார் கேட்டார். அப்படிக் கேட்கவேண்டிவரும் என்று அவர் குருப்பட்டம் வாங்கும்போது நினைத்திருக்கமாட்டார்.

"ஒருத்தன் இருக்கான்," என்ற ஹெரோனிமோ, பெத்தாங்கைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"யாரு?"

"சேவக்கட்டு நடுவர், சாமி. கிளெத்தோன்னு பேரு. ஆனா அக்காவும் அவனும் பேசிக்கிறதில்ல."

"எவ்வளவு நாளா?"

"சம்மனசுப் படம் வந்ததுலேர்ந்து."

ஃபாதர் ஹிலாரியோ பெட்டியைவிட்டு எழுந்தார். "அந்தப் படமா? வெள்ளத்துல கூரைமேல உக்காந்திருக்கிற வண்ணாத்தியைச் சம்மனசு வந்து தூக்கிட்டுப் போகுமே?"

"அதேதான்."

"எங்க ஊருக்கு அது வந்தப்ப நான் ரொம்பச் சின்னப் பையன். பாத்துட்டு வந்த ராத்திரியே எங்கம்மாகிட்ட நான் சாமியாராப் போறேன்னு சொன்னேன். அந்தச் சம்மனசு முதுகைக் காட்டிட்டு மேல போகும் பாருங்க, அந்த இடம்."

"அந்த முதுகு இவங்களோடதுதான், சாமி."

பெத்தாங் அப்போது குனிந்து மூட்டையைக் கச்சையிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பார்க்கலாமா கூடாதா என்று சாமியாருக்குத் தெரியவில்லை. வளைவின் உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏணியைப் பற்றி மறுபடி பேசவில்லை.

"அந்த ஆளைக் கேட்டுப்பாருங்க," என்று மட்டும் சொன்னார்.

பெத்தாங் பத்தொன்பது வயதில் மணிலாவுக்குத் துணி தைக்கும் வேலைக்குப் போனாள். சினிமாக் கம்பெனியில் உடுப்புத் தைத்துக்கொண்டிருந்தபோது, சம்மனசாக நடித்த நடிகைக்கு உயரம் என்றால் தலைசுற்றும் என்று தெரிந்தது. அவள் முகம் போலவே இன்னொரு முகம் கிடைக்காது. முதுகு கிடைக்கும். வரிசையாகப் பெண்களைத் திருப்பி நிறுத்திப் பார்த்து, பெத்தாங்கின் முதுகைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு இரும்புக் கம்பியில் நாள் முழுக்கத் தொங்கினாள். சிறகு கோழி இறகு, உடம்பெல்லாம் அரித்தது. சாப்பாட்டு நேரத்தில் இறக்கி ஏற்றச் சோம்பல்பட்டு, ஏணி வைத்து நூடுல்ஸ் ஊட்டினார்கள். கம்பிக்குக் கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். கம்பி தெரியாவிட்டால் அது பறப்பது, தெரிந்துவிட்டால் தொங்குவது.

படம் ஊருக்கு வந்தபோது அவளும் அம்மாவோடு போய் உட்கார்ந்தாள். சம்மனசு இறங்குகிற இடம் வந்தது. கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் நாற்காலிகளுக்கு நடுவே மண்டி போட்டார்கள். யாரும் சொல்லவில்லை, பழக்கதோஷம். அந்த அமைதியில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "கம்பி! கம்பி!" என்று கத்தியது. ஒரு கணம் கழித்துக் கொட்டகை முழுக்கச் சிரித்தது. கிளெத்தோவின் குரல்.

படம் ஊரைவிட்டுப் போவதற்குள் நிறைய நடந்தது. உயிர்ப்பு ஞாயிறுகளில் அதுவரை ஏணியில் ஏறிக்கொண்டிருந்த சம்மனசைக் கயிற்றில் இறக்கவேண்டும் என்று ஊரே சேர்ந்து முடிவுசெய்தது அந்தப் படத்தைப் பார்த்துத்தான். படகோட்டி ஒருவன் தென்னஞ்சாராயத்தை விட்டான். மூன்று பெண்குழந்தைகளுக்கு நடிகையின் பெயரை வைத்தார்கள். பெத்தாங்கின் பெயரை யாரும் வைக்கவில்லை. அவள் மணிலாவுக்குத் திரும்பிப்போகாமல், வாத்துக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு, வருஷாவருஷம் சிறகு தைத்தாள். கிளெத்தோவோடு மட்டும் பேசவில்லை. சின்ன ஊரில் ஒருவனோடு பேசாமல் இருப்பது லேசான வேலை இல்லை. தெரு மாறி நடக்கவேண்டும், கல்யாண வீட்டில் பந்தி பார்த்து உட்காரவேண்டும். அதைத் தையலைப்போலவே பிசிறில்லாமல் செய்துவந்தாள்.

திங்கள்கிழமை காலையில் அவன் வீட்டு வாசலுக்குப் போனாள். கிளெத்தோ ஒரு சேவலை மடியில் வைத்து, ஈரத்துணியால் காலைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தான். களத்தில் எந்தச் சேவல் செத்தது, எது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று சொல்கிறவன் அவன்தான். அவன் சொன்னதற்குமேல் பேச்சு இல்லை.

"ஞாயித்துக்கெழம விடியக்காலைல உனக்கு வேலை ஏதாவது இருக்கா?" என்றாள்.

கிளெத்தோ நிமிர்ந்து பார்த்தான். "முப்பது வருஷம் பேசாம இருந்துட்டுக் கேக்கிற கேள்வியா இது?"

"இருக்கா, இல்லையா?"

"இல்ல."

"கயிறு பிடிக்கணும்."

"யாரு தொங்கறது?"

"எர்லிந்தா பொண்ணு."

"நீ இல்லையே?"

"எனக்கு அம்பது ஆகப்போகுது."

"சும்மா கேட்டு வச்சேன்."

"மண்டி போடக்கூடாது. அதுக்குத்தான் உன்கிட்ட வந்தேன். வேற ஆள் இருந்தா வந்திருக்கமாட்டேன்."

"அது தெரியுது." சேவலின் அடுத்த காலை எடுத்துக்கொண்டான். "நான் என்ன, சாமி இல்லேன்னா சொல்றேன்? எல்லாரும் ஒரே நேரத்துல குனிஞ்சு கண்ணை மூடிக்கிறீங்க. யாராவது ஒருத்தன் பாத்துக்கிட்டு இருக்கவேண்டாமா?"

பெத்தாங் கிளம்பத் திரும்பினாள். இரண்டு அடி வைத்துவிட்டு நின்றாள்.

"அன்னிக்கு ஏன் கத்துன?"

"எடது பக்கக் கம்பி தொய்ஞ்சு போச்சு," என்றான். நேற்று நடந்ததைக் கேட்டதுபோல உடனே பதில் சொன்னான். "வலது நேரா இருக்கு, எடது மட்டும் வளையுது. எடது தோள் எறங்குது. விழுந்துடுவேன்னு நெனச்சேன். அதான் கம்பி, கம்பின்னு கத்துனேன்."

"படம் எடுத்து மாசக்கணக்கா ஆயிருந்துச்சு. நான் உனக்கு முன்னாடி மூணாவது வரிசைல உக்காந்திருந்தேன்."

"பாத்தேன். தலையில ரிப்பன் கட்டியிருந்த."

"அப்புறம் எதுக்குக் கத்தணும்?"

"விழுந்துக்கிட்டு இருக்கிற ஆளைப் பாத்தா கத்தத்தான் தோணும்."

அந்தக் காட்சியை எடுத்த அன்று இடது கம்பியின் கொக்கி உண்மையிலேயே நழுவியிருந்தது. பெத்தாங்கின் விலா எலும்பில் மூன்று வாரம் நீலம் பாய்ந்திருந்தது. சொன்னால் வேறு முதுகைத் தேடிக்கொள்வார்களென்று யாரிடமும் சொல்லவில்லை. டைரக்டருக்குத் தெரியாது, கேமராக்காரனுக்குத் தெரியாது. இத்தனை ஊரில் இத்தனை பேர் பார்த்த படத்தில் வேறு யாருக்கும் அது தெரியவில்லை.

"கையுறை கொண்டுவா," என்றாள். "புதுக் கயிறு, கையை அறுக்கும்."

நாலு தெருக்காரர்களும் ஒரே ஒரு ஆள் பிடிப்பதை ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பெத்தாங் இரண்டாவதாக ஒரு கயிறு கட்டினாள். அதன் மேல்முனையை வளைவின் மூங்கிலிலேயே இறுக்கி முடிச்சுப் போட்டாள். அதை எவ்வளவு இழுத்தாலும் எதுவும் ஆகாது. நாலு பேரும் போய் இழுத்துப் பார்த்தார்கள், புரிந்துகொண்டார்கள். "இது நல்ல கயிறு," என்றார் ஹெரோனிமோ. "இதைப் பிடிச்சுக்கிட்டு நிம்மதியா மண்டி போடலாம்."

ஞாயிற்றுக்கிழமை கிழக்கு வெளுக்கும் நேரத்தில் இரண்டு சப்பரங்களும் திடலுக்கு வந்தன. எர்லிந்தா கூட்டத்தின் முன்வரிசையில், பாவாடையைக் கையில் கசக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெத்தாங் வளைவின் காலடியில் நின்றாள். மேலே ரொவேனாவின் குரல் தொடங்கியது. போன வருஷத்தைவிட மெல்லிய குரல். கூட்டத்தில் ஜீப்னி டிரைவர் தொப்பியைக் கழற்றினான்.

சிறகு விரிந்து இறங்கியது. கிளெத்தோ கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி விட்டுக்கொண்டிருந்தான். பெத்தாங் பெண்ணைப் பார்த்தாள், வளையத்தைப் பார்த்தாள், இடது வாரைப் பார்த்தாள். பெண் மாதாவின் தலைக்கு நேரே வந்து கையை நீட்டினாள். அல்லேலூயா வந்தது. திடல் முழுக்க ஒரே சத்தமாகத் தரையில் முட்டிகள் பதிந்தன.

பாட்டு நின்றது. ஒரு மூச்சு நேரம் எதுவும் கேட்கவில்லை. பெத்தாங் தலையைத் தூக்கப் பார்த்தாள். அப்போதுதான் தன் முட்டிக்குக் கீழே ஈர மண் இருப்பது தெரிந்தது. எப்போது போட்டாளென்று தெரியவில்லை. பிறகு பாட்டு விட்ட இடத்திலிருந்து கணீரென்று தொடங்கியது. அவள் நிமிர்ந்தபோது மாதாவின் முகம் திறந்திருந்தது. ரொவேனாவின் கையில் கறுப்புத் துணி காற்றில் படபடத்தது. கோயில் மணி அடித்தது. யாரோ பட்டாசைக் கொளுத்தினார்கள். ஃபாதர் ஹிலாரியோ அங்கியின் முழங்காலில் சேற்றோடு எழுந்து நின்றார்.

திடலில் நின்றுகொண்டிருந்தது கிளெத்தோ மட்டும்தான். அவன் கண் இன்னும் கயிற்றைவிட்டு நகரவில்லை.

"பாட்டு ஏன் நின்னுச்சு?" என்றாள் பெத்தாங், அவனருகே போய்.

"முக்காடு மாதா கிரீடத்துல மாட்டிக்கிச்சு. பிள்ளைக்குக் கை எட்டல. இன்னொரு சாண் கயிறு விட்டேன். எடுத்துட்டா."

"நான் பாக்கல."

"தெரியும். ஒருத்தருமே பாக்கல." கயிற்றை மெதுவாக விட்டுக்கொண்டே சொன்னான், "போய்ப் பிடி. எறக்குறேன்."

அவள் வளைவுக்கு அடியில் போய்க் கையை உயர்த்தினாள். சிறகுகள் முகத்தில் உரச, பெண் அவள் கைகளுக்குள் வந்து சேர்ந்தாள்.

"நினாங், நான் எறங்கிட்டேனா?"

"எறங்கிட்ட."

பெத்தாங் தோளுக்கு மேலாகத் திரும்பி, "கயிறு தெரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"நல்லாத் தெரிஞ்சுது," என்றான் கிளெத்தோ.

அவள் வளையத்திலிருந்து கொக்கியைக் கழற்றினாள். எர்லிந்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். பெத்தாங் பெண்ணை, சிறகோடும் கச்சையோடும் கையிலிருந்த முக்காட்டோடும் அப்படியே தூக்கி அவள் கையில் கொடுத்தாள்.

"பிடிச்சுக்கோ," என்றாள். "எறகு கசங்காம."